பந்தலுக்குக் கீழே மணி

எங்கள் நாயின் பெயர் மணி. ஊரில் பாதி நாய்க்கு அதுதான் பெயர். வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். செவலை உடம்பு, கரி அப்பினது மாதிரி வாய். கோம்பையில் சொந்தக்காரர் தோட்டத்தில் ஈன்ற குட்டி என்பதால் கோம்பை நாய் என்றே சொல்லிக்கொள்கிறோம். அசல் கோம்பை வளர்க்கிற பெரியவர் ஒருத்தர் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆத்தா கோம்பைதான்யா. அப்பன் யாருன்னுதான் விசாரிக்கணும்" என்றார். எங்கள் குலப்பெருமை அந்த அளவில்தான் நிற்கிறது.

கோம்பை, உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். 2005-ல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எங்கள் பக்கம் ரொம்ப நாள் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் எங்கள் சொந்தக்காரருக்கு வெளியூரிலிருந்தெல்லாம் குட்டி கேட்டுப் போன் வர ஆரம்பித்தது. குட்டி கேட்கிறவர்கள் அடுத்துக் கேட்பது, "என்ன சாப்பாடு போடணும்ண்ணே?" அவர் சொல்லும் பதில், "நம்ம திங்கிறதுதான்."

நானும் அந்தப் பதிலைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிற நாள் வரைக்கும்.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பன்னீர் திராட்சை வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். கொத்தில் வெடித்ததையெல்லாம் கத்தரியால் கழித்துப் பந்தலுக்குக் கீழேயே போட்டார்கள். மணி அங்கேதான் படுத்திருந்தான். முதலில் மோந்து பார்த்தான், அப்புறம் நக்கினான், அப்புறம் ரசித்துச் சாப்பிட ஆரம்பித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து வீடியோ பிடித்தேன். "எங்க தோட்டத்து முதல் ருசி" என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். எழுபது பேர் பார்த்தார்கள், இருபது பேர் சிரித்தார்கள்.

ஒருத்தி மட்டும் போன் பண்ணினாள். அக்கா மகள், கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "மாமா, அவன் எவ்வளவு தின்னான்? எப்ப தின்னான்?" குரலில் விளையாட்டே இல்லை. "திராட்சை நாய்க்கு விஷம் மாமா. கிட்னி போயிரும். இப்பவே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, வாந்தி எடுக்க வைப்பாங்க."

நான் சிரித்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு திராட்சையை விஷம் என்று சொன்னால் எவன் நம்புவான்? "பாப்பா, நம்ம பழத்துக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க" என்றேன். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அது கிடைத்தபோது பட்டாசு வெடித்தவன் நான். வண்டி லோடு ஏற்ற வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், எனக்கு வேலை கிடந்தது. ராத்திரி மணி வாந்தி எடுத்தான். தோலும் விதையுமாக வந்தது. "எடுத்துட்டான், சரியாயிரும்" என்று படுத்துவிட்டேன். காலையில் சோற்றுப்பக்கம் திரும்பவில்லை. சோர்ந்து கிடந்தான். மதியத்துக்குமேல்தான் எனக்கு ஒன்று உறைத்தது: காலையிலிருந்து அவன் ஒன்றுக்குப் போகவே இல்லை.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. "தின்ன ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா வாந்தி எடுக்க வச்சு முடிச்சிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாள் மணி காலைத் தூக்கி டாக்டரின் வண்டிச் சக்கரத்தில் ஒன்றுக்கு அடித்தபோது அங்கே நின்றிருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

பிழைத்துவிட்டான். எல்லா நாயும் பிழைக்காது. சில நாய் கூடைப்பழம் தின்றும் நன்றாகத் திரியும், சில நாய் நாலு பழத்தில் விழுந்துவிடும். இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்று ஒரு கணக்கு யாராலும் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் எங்கள் ஊரில் நம்ப மறுக்கிறார்கள். "எங்க நாய் பத்து வருஷமா திங்குதுப்பா" என்று ஒருத்தர் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. செத்துப்போன நாயைப் பற்றி மட்டும் "பூச்சி கடிச்சிருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள்.

திராட்சைக்கும் நாயின் சிறுநீரகத்துக்கும் உள்ள பகையை உலகமே தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான விஷ முறிவு உதவி மையம் ஒன்றுக்கு வந்த போன்களைத் தொகுத்துப் பார்த்து, 2001-ல்தான் மருத்துவ இதழில் எழுதினார்கள். பழத்தில் இருக்கிற எது காரணம் என்பது அப்புறமும் இருபது வருஷம் புதிராகவே கிடந்தது. பூச்சிமருந்தா, பூஞ்சணமா என்று தேடினார்கள். மருந்தே அடிக்காத பழமும் நாயைச் சாய்த்தது. 2021-ல் ஒரு துப்பு கிடைத்தது. குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே கோளாறு வந்தது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற உப்பு இருந்தது, அது டார்டாரிக் அமிலத்திலிருந்து வருவது. திராட்சையிலும் அந்த அமிலம் உண்டு. பழத்துக்குப் பழம், ரகத்துக்கு ரகம் அளவு மாறும். அதனால்தான் ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இன்னொரு நாய் விழுகிறது என்ற விளக்கம் பொருந்தி வந்தது.

அக்கா மகள் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "டார்டாரிக் அமிலம் திராட்சையைவிட அதிகமா எதுல இருக்கு தெரியுமா மாமா? புளியில."

வீட்டில் மயான அமைதி. அம்மா கையில் கரண்டி. புளிக்குழம்பும் சோறும் பிசைந்து மணிக்கு வைக்கத்தான் போய்க்கொண்டிருந்தார்.

புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றியும் அந்த ஆராய்ச்சியாளர்கள் அடுத்த வருஷமே எழுதியிருக்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அப்பா காலத்து நாயெல்லாம் குழம்புச் சோறுதான்டா தின்னுச்சு. புளியோதரை தின்னுட்டு நரியை விரட்டுச்சு." நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த நாய்கள் எத்தனை வயசில் செத்தன என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒன்று செத்தால் மார்கழியில் இன்னொரு குட்டி தெருவில் கிடைக்கும், அதற்கும் மணி என்றே பெயர் வைப்பார்கள். எங்கள் வீட்டு நாயின் பெயர் நாற்பது வருஷமாக மாறவே இல்லை, நாய்தான் மாறிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

குழம்பு ஒரு சொட்டு பட்டாலே நாய் செத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீராகக் கரைத்த சாம்பாரில் இருக்கிற புளி வேறு, புளிக்காய்ச்சல் வேறு. ஆனால் குழம்பில் புளி மட்டுமா இருக்கிறது? சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு. அவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உப்பு, காரம், தாளித்த எண்ணெய் வேறு. இத்தனையும் தினமும் ஒரு வேளை சேர்ந்து போகிறது. நாங்கள் எடுத்த முடிவு சுலபமானது. உலை கொதிக்கும்போதே மணியின் பங்கைத் தனியாக எடுத்துவிட வேண்டும். தாளிப்பதற்கு முன்னால் அவன் சாப்பாடு தனி. அம்மாவுக்கு இதில் கூடுதல் வேலை ஒரு தட்டு கழுவுவது மட்டும்தான்.

சரி, அவன் தட்டில் என்ன? இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். மணியின் கதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிறுநீரகம் அடிபட்டபின் அவனுக்கு வைப்பது ஒன்று, நல்ல நாய்க்கு வைக்க வேண்டியது ஒன்று. இரண்டையும் குழப்பினால் வம்பு.

அடிபட்ட சிறுநீரகத்துக்குப் பாஸ்பரஸ் ஆகாது. எலும்பு, ஈரல், பால், தயிர், மஞ்சள் கரு என்று நாம் சத்து என்று நினைத்துப் போடுகிற எல்லாவற்றிலும் அது ஏராளம். ஆகவே மணிக்கு டாக்டர் சொன்னது: சோறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, எலும்பும் தோலும் எடுத்த கோழிக்கறி கொஞ்சம், சுரைக்காயோ மஞ்சள் பூசணியோ, மேலே ஒரு கரண்டி எண்ணெய். கறியை அடியோடு நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார், நிறுத்தினால் சதை கரைந்துவிடும். எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் முக்கியம். சாதாரணமாக ஒரு நாய்க்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி ஒரு நாளைக்கு வேண்டும். மணி 20 கிலோ, அவனுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. அவனோ தண்ணீர்ச் சட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டான். ஆகவே சோற்றையே கஞ்சி பதத்துக்குக் கரைத்து வைக்கிறோம், உப்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீர் கலந்தால் சட்டியை நக்கி வெளுத்துவிடுவான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். கிரியாட்டினின் இறங்கி ஒரு இடத்தில் நிற்கிறது.

நல்ல நாய்க்கு இதைப் போடாதீர்கள். எங்கள் பக்கத்து நாய்களின் பெரிய குறை கறி அதிகமானதால் வருவதல்ல, வெறும் சோறும் பாலும் மட்டுமே கிடைப்பதால் வருவது. குட்டி நாய்க்குச் சோறும் பசும்பாலும் மட்டும் ஊற்றி வளர்த்து, முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்து நிற்கிற கோம்பைக் குட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பசும்பால் நிறைய நாய்க்குச் செரிக்காது, கழிச்சல் எடுக்கும். சரி, கறி போடுகிறேன் என்று கோழிக்கடையிலிருந்து வெறும் சதையாக வாங்கிப் போட்டாலும் கால் வளையும். சதையில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் கிடையாது; உடம்பு தன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். வளர்ந்த நாய்க்கு முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொண்டு கறிச்சோற்றில் கால் ஸ்பூன், அரை ஸ்பூன் தூவலாம். ஒரு ஸ்பூனில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஆகவே கை தாராளம் வேண்டாம். வளர்கிற குட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் வீட்டில் போட முடியாது. முதல் ஆறேழு மாதம் பையில் வருகிற குட்டித் தீனியே மேல் என்பது என் கட்சி. நாட்டு நாய்க்கு நாட்டுச் சாப்பாடு என்று வீரம் பேசுகிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு எல்லாம் தாராளமாகப் போடலாம், நன்றாக வெந்திருந்தால் போதும். சோற்றுக்குப் பதிலாகத்தான் அவை, கறிக்குப் பதிலாக அல்ல. மலம் இளகினால் அவித்த மஞ்சள் பூசணி, இறுகினாலும் அதேதான். தோல் வறண்டு செதில் உதிர்கிற நாய்க்கு வாரம் இரண்டு நாள் அவித்த சாளை மீன், முள் எடுத்துவிட்டு. கோழிக்கடையில் இலவசமாகக் கிடைக்கிற தோலும் கொழுப்பும் வேண்டவே வேண்டாம். கணையம் வீங்கி, நாய் வயிற்றைத் தூக்கிக்கொண்டு முனகும். வேகவைத்த எலும்பு ஊசிமாதிரி பிளக்கும். கிடா வெட்டு முடிந்த மறுநாள் டாக்டரிடம் போய்ப் பாருங்கள், எலும்பு சிக்கிய நாய்கள் வரிசையில் நிற்கும்.

தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் நாய்க்குள் போவதெல்லாம் தட்டு வழியாக மட்டும் போவதில்லை, கால் வழியாகவும் போகிறது.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மருந்தடிக்காமல் பன்னீர் திராட்சை இல்லை. வேறு பல ஊரில் வருஷத்துக்கு ஒரு பருவம், இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து, ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை. ஆகவே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை எங்கள் அப்பா காலத்திலிருந்து அடிக்கிறோம். அந்தக் கலவையின் பிறப்பே வேடிக்கையானது. பிரான்சில் போர்டோ பக்கம் ரோட்டோரத் தோட்டக்காரர்கள், போகிற வருகிறவர்கள் பழம் பறிக்காமல் இருக்கக் கொடியில் இந்த நீலத்தைப் பூசிவைத்தார்களாம், பார்த்தாலே விஷம் மாதிரி தெரியட்டும் என்று. பூசின கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். உலகத்துக்கு ஒரு பூஞ்சைக்கொல்லி கிடைத்தது. திருடன் பயந்தான், சரி. நாய்க்கு அந்த நீலம் ஒன்றும் சொல்வதில்லை. அடித்த ஈரத்தில் நடக்கும், பந்தல் நிழலில் படுக்கும், அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கும்.

இப்போதெல்லாம் மருந்தடிக்கிற நாளில் மணி மோட்டார் ரூமில். காய்ந்த பிறகுதான் விடுவோம், வீட்டுக்குள் நுழையும்முன் நாலு பாதத்தையும் வயிற்றையும் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைப்போம். மருந்து கரைக்கிற டிரம்மைக் கவிழ்த்து வைப்பதும் அதில் சேர்த்தி. மழைத்தண்ணீர் தேங்கினால் நாய் குடித்துவிடும். பூச்சிமருந்து உள்ளே போன நாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எச்சில் ஒழுகும், உடம்பு வெடவெடக்கும், கண்மணி கடுகாகச் சுருங்கும். மோரும் முட்டையும் ஊற்றிக்கொண்டிருக்காமல் மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால் முறிவு ஊசி உடனே போடுவார்கள்.

உண்ணிக்கு வருவோம். எங்கள் பக்கம் நாயைக் கொல்வதில் உண்ணிக்கு முதல் இடம் கொடுப்பேன். உண்ணி நேராகக் கொல்வதில்லை, அது கொண்டுவருகிற காய்ச்சல் கொல்கிறது. நாய் சோறு வேண்டாம் என்னும், ஈறு வெளுக்கும், ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும். "வெயிலு, சூடு பிடிச்சிருச்சு" என்று இளநீர் ஊற்றுவார்கள். நாயின் சாதாரண உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது, ஆசனவாயில் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நாய்க்குத் தனி, எழுதி ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் வைத்து நடந்ததை இங்கே சொல்லமாட்டேன்.

உண்ணிக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரை பெரும்பாலும் நாலு வாரம் ஓடும். மூன்றாம் நாளே நாய் வாலாட்டும், நாமும் நிறுத்திவிடுவோம், அது திரும்ப வரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும், பாலோடு கொடுத்தால் மருந்து முழுசாகச் சேராது. ஒரு உருண்டை கறிச்சோற்றில் புதைத்துக் கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீர். சாப்பாட்டின் வேலை இங்கே துணைவேலைதான். பப்பாளி இலைச்சாறு ஊற்றிக் காத்திருந்து நாயைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இன்னொன்று, உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுகிறோம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில், கயிற்றுக்கட்டில் முடிச்சில், மாட்டுக்கொட்டகைக் கல்லிடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் மறுமாசம் பழையபடிதான். நாங்கள் மணி படுக்கிற மூலையின் வெடிப்பையெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசினோம். அதற்கான கூலி ஒரு உண்ணி மாத்திரை விலைதான். மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்தையோ ஊசியையோ ஒரு குத்துமதிப்பாக நாய்க்குப் போடாதீர்கள். மாட்டின் எடை என்ன, நாயின் எடை என்ன?

சொறிக்கு வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் பூசுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சொறிப் பூச்சி சாகிறதோ இல்லையோ, நாய் அதை நக்கி உள்ளே தள்ளுகிறது. மண்ணெண்ணெயும் அப்படியே. வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறின தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், அதில் கெடுதல் இல்லை, ஆனால் அது சொறிக்கு முழு வைத்தியமும் இல்லை. சொறியில் இரண்டு வகை உண்டு. ஒன்று நமக்கும் ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

மலைக்குப் போகிற நாய்களுக்கு இன்னொரு தொல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களோடு நாயும் போகும். மழைக்காலத்தில் ஓடைத்தண்ணீர் குடிக்கும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், விடாமல் தும்மல். உப்புத்தண்ணீரை மூக்கில் ஊற்றாதீர்கள். மலைக்காரர்கள் செய்வது அழகான தந்திரம்: நாயைக் கொஞ்ச நேரம் தாகத்தோடு வைத்துவிட்டு, அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து மூக்குக்கு நேரே காட்டுவார்கள். நீரின் வாசத்துக்கு அட்டை தலையை நீட்டும். துணி சுற்றின விரலால் அப்போது பிடித்து மெதுவாக இழுப்பார்கள். வராவிட்டால் மறுபடி டாக்டர்தான்.

நம் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் வலிக்கு அப்பா போடுகிற வலி மாத்திரையில் பாதியை நொண்டுகிற நாய்க்குக் கொடுப்பது எங்கள் ஊரில் அன்பின் அடையாளம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலில் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும், சிறுநீரகத்தையும் பிடிக்கும். மணிக்கு அது மரணமாகவே இருந்திருக்கும். அப்பாவின் டப்பா இப்போது பரண்மேல்.

சாப்பாட்டாலும் கவனிப்பாலும் முடியாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகக் கழிந்து, ஒரு மாதிரி அழுகின நாற்றம் வந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மாதுளைத் தோலும் கட்டித்தயிரும் தேடாதீர்கள், மணிக்கணக்குதான் கையில் இருக்கிறது. செத்த குட்டி கிடந்த மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; அடுத்த குட்டியை அதே மூலையில் கட்டாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பதினாறு வாரம் வரை மூன்று, நாலு வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷம் தவறாமல். வெறிநோய்க்குப் பத்தியமும் இல்லை, பச்சிலையும் இல்லை. நாய் கடித்தால் கால்மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

முன்பு பெரிய வைத்தியம் என்றால் எங்களுக்கு மதுரைதான். இப்போது தேனிக்குப் பக்கத்திலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சும் உண்டு. ஆடு மாட்டுக்குத்தான் போன் பண்ணவேண்டும் என்று நினைத்து நாய்க்காரர்கள் கூச்சப்படுகிறார்கள். டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் மூன்றே வரி எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது என்ன தின்றது, எப்போது ஒன்றுக்குப் போனது, வாந்தியில் என்ன வந்தது. நான் அன்றைக்கு வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். அக்கா மகள் என் ஸ்டேட்டஸைக் காட்டித்தான் நேரத்தைச் சொன்னாள். அந்த வீடியோவால் ஆன ஒரே நன்மை.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி பழம் வெட்டு. மணியை மோட்டார் ரூம் கதவோரம் கட்டி, அவித்த பூசணித் துண்டு நாலு போட்டிருந்தேன். கொத்து வெட்ட வந்த அக்கா ஒருத்தர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, உதிரிப்பழம் ஒரு கை அள்ளிக்கொண்டு அவனிடம் போனார்.

"அக்கா, அவனுக்கு வேணாம்க்கா. ஆகாது."

"திராட்சையா ஆகாது? நாய்க்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு அவன் எதிரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். மணி பூசணியை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.